டாக்சியில் போன உத்தியோகம்

ஒருவரை உத்தியோகத்திலிருந்து நீக்குவதற்கு எத்தனையோ வழிகள் இருக்கின்றன. கடிதத்தைக் கவரில் போட்டு மேஜைமேல் வைத்துவிடலாம். முதலாளி தம் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லி, குடும்ப க்ஷேமமெல்லாம் விசாரித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வரலாம். ஓடுகிற டாக்சியில், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "இனிமேல் நீர் வேண்டாம்" என்று சொல்வதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

1961 ஏப்ரல் மாதம் லண்டனில் அப்படி ஒரு சம்பவம் நடந்தது. டாக்சியில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எவர்டன் கால்பந்துக் கழகத்தின் தலைவர் ஜான் மூர்ஸ்; பெரிய கோடீசுவரர். மற்றவர் அந்தக் கழகத்தின் மானேஜர் ஜானி கேரி. ஏறும்போது கேரிக்கு வேலை இருந்தது; இறங்கும்போது இல்லை!

இன்றைக்கும் இங்கிலாந்தில் ஏதாவது ஒரு டீம் தோற்றுக்கொண்டிருந்தால், மைதானத்தில் இருக்கும் ஜனங்கள் அதன் மானேஜரைப் பார்த்து, "ஐயாவுக்கு ஒரு டாக்சி!" என்று கூச்சல் போட்டுக் கேலி செய்வார்கள். அந்தக் கேலியே கேரியின் கதையிலிருந்து பிறந்தது என்று சொல்கிறார்கள். கேலி செய்கிறவர்களில் பலருக்கு அந்த மனிதர் யார், எப்படிப்பட்டவர் என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் அவர். கால்பந்தைக் கண்ணால் பார்த்திராத வாசகிகளும் அவரைத் தெரிந்துகொள்ளலாம். ஏனென்றால் இது பந்தைப் பற்றிய கதை மட்டும் அல்ல. வேலை போன பிறகு ஒரு மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைப் பற்றிய கதை.

டப்ளின் பையன்

ஜானி கேரி 1919 பிப்ரவரி 23-ந் தேதி அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் பிறந்தார். 17 வயதில், கின்னஸ் மதுபானத் தொழிற்சாலையைச் சேர்ந்த செயின்ட் ஜேம்ஸஸ் கேட் என்ற டீமில் ஆடிக்கொண்டிருந்தார். 1936-ல் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்துக்காக ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் லூயி ரோக்கா என்பவர் டப்ளினுக்கு வந்தார். அவர் வந்தது வேறொரு பையனைப் பார்ப்பதற்காக. அவன் கிடைக்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் தங்கையைப் பிடித்துப்போன கதையாக, ரோக்காவின் கண் கேரியின் மேல் விழுந்தது. 250 பவுன் கொடுத்து அழைத்துப் போனார். அந்தக் கழகத்தின் சரித்திரத்தில் அதைவிட லாபமான பேரம் அதிகம் இருந்திருக்காது.

மறு வருஷமே கேரி மான்செஸ்டரின் முதல் டீமில் ஆட ஆரம்பித்தார். ஆனால் காலூன்றுவதற்குள் இரண்டாவது உலக யுத்தம் வந்துவிட்டது. அயர்லாந்து யுத்தத்தில் சேராமல் நடுநிலைமை வகித்த நாடு. கேரி ஊருக்குத் திரும்பிப்போய்ச் சௌக்கியமாக இருந்திருக்கலாம்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தமக்குப் பிழைப்புக் கொடுத்த நாட்டுக்குத் தாம் கடமைப்பட்டவர் என்று அவர் நினைத்தார். பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்து, மத்திய கிழக்கிலும் இத்தாலியிலும் சேவை செய்துவிட்டு வந்தார்.

எந்த இடம் கொடுத்தாலும்

யுத்தம் முடிந்து திரும்பியபோது மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு மைதானமே இல்லை! 1941 மார்ச்சில் ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டுகளில் ஓல்டு டிராஃபோர்ட் மைதானம் நாசமாகிக் கிடந்தது. அதே ஊரில் இருந்த போட்டிக் கழகத்தின் மைதானத்தை வாடகைக்குப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். 1949 வரை அந்தக் குடக்கூலி வாழ்க்கைதான். புதிய மானேஜராக வந்திருந்தவர் மாட் பஸ்பி. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அதே பஸ்பிதான். அவர் கேரியைக் காப்டன் ஆக்கினார். முன்வரிசையில் ஆடிவந்தவரைப் பின்வரிசைக்கு மாற்றினார்.

கால்பந்தில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் இடம் உண்டு. கோல் போடுகிறவர் வேறு. கோல் விழாமல் தடுக்கிறவர் வேறு. வீணை வாசிப்பவரை மிருதங்கத்தின் முன்னால் உட்கார வைக்க முடியுமா? கேரி அதற்கு விலக்கு. மான்செஸ்டருக்காக அவர் ஒன்பது வெவ்வேறு இடங்களில் ஆடினார். 1953-ல் ஒரு நாள், கோல் கீப்பருக்கு உடம்பு சரியில்லை என்றதும் அவருடைய சட்டையை மாட்டிக்கொண்டு கோலுக்கு முன்னாலும் போய் நின்றார். "இது என் வேலை அல்ல" என்ற பேச்சே அவரிடம் கிடையாது.

வெம்பிளியில் ஒரு மாலை

1948-ம் வருஷத்துக் கோப்பைப் பந்தயத்தில் மான்செஸ்டருக்குச் சொந்த மைதானத்தில் ஒரு மாட்ச்கூட இல்லை. எதிர்த்த ஆறு டீம்களும் முதல் டிவிஷனைச் சேர்ந்தவை. அப்படியும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஏப்ரல் 24-ந் தேதி வெம்பிளியில் எதிரே நின்றது பிளாக்பூல் டீம். அதில் ஸ்டான்லி மாத்யூஸ் இருந்தார். இங்கிலாந்து முழுதும் கொண்டாடிய மாயாவி அவர்.

பாதி ஆட்டம் முடிந்தபோது பிளாக்பூல் இரண்டு கோல், மான்செஸ்டர் ஒன்று. எழுபதாவது நிமிஷம் வரை இதே நிலைமை. இந்த மாதிரி சமயத்தில் பதற்றப்பட்டு, பந்தை உயரே தூக்கி அடித்துவிட்டு, பின்னால் ஓடுவது வழக்கம். கேரியின் கூட்டாளிகள் அப்படிச் செய்யவில்லை. ஒருவருக்கொருவர் பந்தைத் தரையோடு தள்ளிக்கொண்டு, தங்கள் வழக்கமான ஆட்டத்தையே நிதானமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். பிறகு மளமளவென்று மூன்று கோல்கள் விழுந்தன! 4-2 என்ற கணக்கில் ஜயித்து, டப்ளின் பையன் கோப்பையைக் கையில் வாங்கினார்.

மறு வருஷம், 1949-ல், கால்பந்து எழுத்தாளர்கள் அவரை அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1952-ல் மான்செஸ்டர் லீக் சாம்பியன் பட்டம் பெற்றது. 1911-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அப்போதும் காப்டன் கேரிதான். அதற்கு முன்பே, 1947-ல் கிளாஸ்கோவில், ஐரோப்பாவின் பல தேசத்து ஆட்டக்காரர்களைச் சேர்த்து அமைத்த டீம் ஒன்று பிரிட்டனை எதிர்த்து ஆடியது. அந்த ஐரோப்பிய டீமுக்குக் காப்டனும் அவரே. அன்று 6-1 என்று படுதோல்வி! அதற்காக அவருடைய மரியாதை ஒரு துளியும் குறையவில்லை.

மூன்று நாளில் இரண்டு தேசம்

இன்னொரு வேடிக்கை. அயர்லாந்து இரண்டாகப் பிரிந்த பிறகு பெல்பாஸ்டில் ஒரு கால்பந்துச் சங்கமும் டப்ளினில் ஒரு கால்பந்துச் சங்கமும் இருந்தன. இரண்டும், "நாங்கள்தான் அயர்லாந்து" என்றன. அதனால் 1946 செப்டம்பர் 28-ந் தேதி பெல்பாஸ்டில் ஒரு அயர்லாந்துக்காகவும், 30-ந் தேதி டப்ளினில் இன்னொரு அயர்லாந்துக்காகவும் கேரி ஆடினார். இரண்டு தடவையும் எதிரி இங்கிலாந்துதான். முதலாவதில் 7-2 என்று தோல்வி. இரண்டாவதில் 1-0 என்று தோல்வி. நாட்டைப் பிரித்தவர்கள் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். புகுந்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் குறை வைக்காத பெண்ணைப் போல, கேரி இரண்டு பக்கத்துக்கும் உழைத்தார்.

அந்தத் தோல்விகளுக்கெல்லாம் வட்டியோடு பதில் சொல்லும் நாளும் வந்தது. 1949 செப்டம்பர் 21-ந் தேதி டப்ளின் சங்கத்தின் டீம், கேரியின் தலைமையில், இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-0 என்று தோற்கடித்தது. பிரிட்டிஷ் சங்கங்களைச் சேராத எந்த நாடும் அதற்குமுன் இங்கிலாந்தை அங்கே ஜயித்தது இல்லை. அந்த வெற்றி கிடைத்த இடம் லிவர்பூல் நகரத்திலுள்ள குடிசன் பார்க் மைதானம். எவர்டன் கழகத்தின் வீடு. விதி அன்றே அந்த வாசலைக் கேரிக்குக் காட்டி வைத்துவிட்டது போலும்!

வாத்தியார் வேலை

1953-ல் கேரி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்றால் ஈஸிசேரில் சாய்ந்துகொள்ளும் ஓய்வு அல்ல. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் எவ்வளவு புகழ் பெற்றிருந்தாலும், வாரச் சம்பளம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருந்தது. 1961 ஜனவரியில் அந்த விதியை எடுத்தபோதுகூட உச்சவரம்பு 20 பவுன்தான். ஆகவே ஆட்டம் முடிந்தால் வேறு பிழைப்புத் தேட வேண்டும். கேரி மானேஜரானார்.

மானேஜர் என்றால் நாடகக் கம்பெனி வாத்தியார் மாதிரி. யாருக்கு என்ன வேஷம் என்று தீர்மானிப்பது, ஒத்திகை பார்ப்பது, புதிய ஆளைத் தேடுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் திரை தூக்கியபின் மேடை ஏற முடியாது. நாடகம் நன்றாக இருந்தால் நடிகர்களுக்குக் கைதட்டல். கெட்டுப்போனால் வாத்தியாருக்குச் சீட்டுக் கிழியும்!

முதலில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் என்ற கழகம். அது இரண்டாவது டிவிஷனில் இருந்தது. பள்ளிக்கூடத்து வகுப்புகளைப் போன்றவைதான் இந்த டிவிஷன்கள். வருஷக் கடைசியில் முதல் இரண்டு இடத்தில் இருந்தால் மேல் வகுப்பு; அடியில் இருந்தால் கீழ் வகுப்பு. ஐந்தாவது வருஷம், 1958 ஏப்ரலில், கடைசி மாட்ச் சார்ல்டன் டீமுடன், அவர்கள் ஊரில். சமமாக முடிந்தால் சார்ல்டனுக்கு மேல் வகுப்பு. பிளாக்பர்ன் 4-3 என்று ஜயித்து அந்த இடத்தைத் தட்டிக்கொண்டு போயிற்று.

எவர்டன் அழைத்தது. 1958 அக்டோபரில் கேரி அங்கே பொறுப்பேற்றார். எவர்டனின் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? அதே மாதத்தில்தான் டாட்டன்ஹாம் டீமிடம் 10-4 என்று உதை வாங்கியிருந்தது! கேரி அவசரப்படவில்லை. 1960-ல் ராய் வெர்னன், அலெக்ஸ் யங், ஜிம்மி கேப்ரியல் என்று நல்ல ஆட்டக்காரர்களாகப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்தார். 1960-61-ல் 22 டீம்கள் கொண்ட முதல் டிவிஷனில் எவர்டன் ஐந்தாவது இடத்துக்கு உயர்ந்தது. யுத்தத்துக்குப் பிறகு அதுவே அந்தக் கழகத்துக்கு மிக நல்ல இடம்.

டாக்சி ஏறிய கதை

ஐந்தாவது இடம் மற்றவர்களுக்குச் சந்தோஷம். ஜான் மூர்ஸுக்குப் போதவில்லை. அவர் லிட்டில்வுட்ஸ் என்ற பெயரில் கால்பந்துப் பந்தயச் சீட்டுகளும், தபால் மூலம் சாமான் விற்கும் வியாபாரமும் நடத்திப் பணம் குவித்தவர். 1960-ல் எவர்டன் தலைவரானார். போட்ட பணத்துக்குப் பட்டம் வேண்டும். அதுவும் உடனே வேண்டும். கேரியோ சாது. பைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசுகிறவர். அவருக்கு ஊர் வைத்த பெயரே "ஜென்டில்மன் ஜான்". ஆட்டக்காரர்களை அதட்டி உருட்ட இன்னும் கடுமையான ஆள் தேவை என்று மூர்ஸ் நினைத்தார். ஷெபீல்டு வெட்னஸ்டே கழகத்தில் மானேஜராக இருந்த ஹாரி காட்டரிக் கண்டிப்புக்குப் பேர்போனவர். முன்பு எவர்டனில் ஆடியவரும்கூட. அவர் அந்த வேலையை விட்டார். பத்திரிகைகளில் வதந்திகள் கிளம்பின.

இந்தச் சமயத்தில்தான் லீக் கூட்டத்துக்காக இருவரும் லண்டன் போனார்கள். அந்த டாக்சியில் ஏறினார்கள். கேரிக்கு அப்போது வயது 42. குடும்பஸ்தர். நாட்டின் தலைசிறந்த டீம்களுக்கெல்லாம் காப்டனாக இருந்தவர். டாக்சி டிரைவர் காதுபட வேலை போயிற்று.

இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மூர்ஸின் கணக்குத் தப்பாகவில்லை. காட்டரிக்கின் கீழ் எவர்டன் 1963-ல் சாம்பியன் ஆயிற்று. 1966-ல் கோப்பை, 1970-ல் மறுபடியும் சாம்பியன். ஆனால் 1963-ல் கோல் மேல் கோலாகப் போட்டு அந்தப் பட்டத்தைக் கொண்டுவந்த ஜோடி யார்? காப்டன் வெர்னனும் யங்கும்! கேரி தேடிக் கொண்டுவந்த அதே பிள்ளைகள். ஒருவர் மாவரைத்து வைத்துவிட்டுப் போக, இன்னொருவர் தோசை வார்த்துப் பேர் வாங்கினார். அடுப்படியில் நிற்பவர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல.

கிழக்கு லண்டனில் ஓர் அதிசயம்

அவமானப்பட்ட மனிதர் என்ன செய்வார்? சிலர் பத்திரிகைகளில் முதலாளியைத் திட்டித் தீர்ப்பார்கள். சிலர் வீட்டுக்குள் முடங்கிவிடுவார்கள். கேரி நான்கே மாதத்தில், 1961 ஆகஸ்டில், இன்னொரு வேலையை ஒப்புக்கொண்டார். லேடன் ஓரியன்ட் என்பது கிழக்கு லண்டனில் ஒரு சின்னக் கழகம். இரண்டாவது டிவிஷனிலிருந்து விழாமல் முந்தின வருஷம்தான் தப்பிப் பிழைத்திருந்தது. பெர்னார்ட் டெல்பான்ட், லெஸ்லி கிரேடு முதலிய நாடக உலகப் பிரமுகர்கள் அதன் டைரக்டர்கள் என்பதைத் தவிர, அதற்கு வேறு பிரபலம் இல்லை.

வந்த முதல் வருஷமே அதிசயம் நிகழ்ந்தது. 1962 ஏப்ரல் 28-ந் தேதி ஓரியன்ட் தன் கடைசி மாட்சில் பரி டீமை 2-0 என்று ஜயித்தது. போட்டிக்கு நின்ற சண்டர்லாந்து ஸ்வான்சியில் சமமாக ஆடி நின்றுவிட்டது. லிவர்பூலுக்கு அடுத்த இரண்டாவது இடம் ஓரியன்டுக்கு! சரித்திரத்திலேயே முதல் தடவையாக அது முதல் டிவிஷனுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு இன்றுவரை போனதில்லை.

மேல் வகுப்பில் பாடம் கடினமாகத்தான் இருந்தது. ஒரே வருஷத்தில், கடைசி இடத்தில் நின்று, ஓரியன்ட் கீழே இறங்கிவிட்டது. ஆனால் இறங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தது. 1962 செப்டம்பரில் கேரியின் பழைய வீடான மான்செஸ்டர் யுனைடெட் வந்தது. 1-0 என்று தோற்றுப் போயிற்று. அடுத்து எவர்டன் வந்தது. அந்த வருஷம் சாம்பியனாகப் போகிற எவர்டன். 42 மாட்சில் மொத்தம் ஆறே தடவை தோற்ற எவர்டன். அந்த ஆறில் ஒன்று இது: ஓரியன்ட் 3, எவர்டன் 0!

கேரி வாய் திறந்து சொல்லாத பதிலை அவருடைய பையன்கள் காலால் சொன்னார்கள்.

கைக்கு எட்டியது

1963-ல் நாட்டிங்ஹாம் பாரஸ்ட் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே 1966-67-ம் வருஷம் அவருடைய பொற்காலம். லீக்கில் பாரஸ்ட் இரண்டாவது இடம். முதலிடத்தில் யார் தெரியுமா? அவருடைய குருநாதர் பஸ்பியின் மான்செஸ்டர் யுனைடெட்! கோப்பைப் பந்தயத்தில், முந்தின வருஷம் கோப்பையை வென்ற எவர்டனை 3-2 என்று வீழ்த்தியது பாரஸ்ட். அந்த மூன்று கோலையும் அடித்தவர் இயான் ஸ்டோரி-மூர் என்ற இளைஞர். கோப்பையைத் தக்கவைக்க வந்த காட்டரிக், கேரியின் டீமிடம் தோற்றுத் திரும்பினார். ஆனால் அடுத்த மாட்சில், அரை இறுதியில், டாட்டன்ஹாமிடம் 2-1 என்று தோல்வி. லீக்கும் போயிற்று, கோப்பையும் போயிற்று. இரண்டும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவை.

அதன் பிறகு இறங்குமுகம். 1968 ஆகஸ்டில் லீட்ஸ் டீமுடன் மாட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்தின் பிரதான ஸ்டாண்டு தீப்பற்றி எரிந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. டீமோ தோற்றுக்கொண்டே போயிற்று. அந்த வருஷம் டிசம்பரில் கேரியை நீக்கினார்கள். பழைய பிளாக்பர்ன் மீண்டும் அழைத்தது. 1971-ல் அது மூன்றாவது டிவிஷனுக்கு விழுந்ததும் அந்த வேலையும் போயிற்று. அத்துடன் மானேஜர் பதவிக்கு முழுக்கு.

கடைசி நாற்காலி

இதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் என் மனத்தில் நிற்கும் பகுதி. கோப்பை வாங்கிய கையால் அவர் வேறு வேலை பார்த்தார். முதலில் ஒரு ஜவுளிக் கம்பெனி. பிறகு டிராஃபோர்ட் நகர சபையின் பொக்கிஷ இலாகாவில் உத்தியோகம். ஓல்டு டிராஃபோர்ட் மைதானம் இருக்கிற அதே டிராஃபோர்ட்தான்! தாம் காப்டனாக இருந்த கழகத்தின் எல்லைக்குள்ளேயே, ஆயிரக் கணக்கான குமாஸ்தாக்களைப் போல, ஆபீசுக்குப் போய் வந்தார். 1984-ல் அந்த வேலையிலிருந்து முறையாக ஓய்வு பெற்றார். 1995 ஆகஸ்டு 22-ந் தேதி, 76-வது வயதில், காலமானார்.

ஒன்பது இடத்தில் ஆடியவருக்குப் பத்தாவது இடமாக ஒரு குமாஸ்தா நாற்காலி கிடைத்தது. அதிலும் உட்கார்ந்து வேலை பார்த்தார், அவ்வளவுதான். அதை வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை போய்விட்டது என்று வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரும் நாள் எந்த வீட்டுக்கும் வரலாம். அன்றைக்கு அவருக்குக் காபி கொடுத்து, ஜானி கேரியின் கதையை ஒரு தரம் சொல்லுங்கள். ஓர் உத்தியோகத்தை டாக்சியில் வைத்துப் பறித்துவிடலாம். அதைச் செய்த விதத்தில் இருந்த கௌரவத்தை மட்டும் எந்த முதலாளியாலும் பறிக்க முடியாது.

மூர்ஸ் அன்று எவ்வளவு டாக்சிக் கூலி கொடுத்தாரோ தெரியாது. ஆனால் அவருடைய டீம், ஓரியன்டிடம் மூன்று கோல் சேர்த்துக் கொடுத்தது!